சென்னீர்குப்பத்தில் நின்ற பாய்மரப் படகு

பூந்தமல்லியில் கடல் இல்லை. என் கணவர் மணியம் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கி இதை எனக்குக் காட்டினார். "கடலுக்கும் இந்த இடத்துக்கும் நடுவுல முழு மெட்ராஸும் இருக்கு. அங்க எப்படி பாய்மரப் படகு இருக்கும்? ஏமாத்து வேலை" என்றார். ஆனால் படகை விற்கும் விளம்பரத்தில் இருந்த படங்களைப் பார்த்தால் ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. ஒரு தகரக் கொட்டகைக்குள், இரும்புத் தாங்கிகளின் மேல், வெள்ளையும் நீலமுமாக ஒரு சின்னப் படகு. பின்பக்கம் சோலார் பலகைகள், உயிர்காப்பு மிதவை, காற்றின் போக்குக்கு ஏற்பத் தானே சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் கருவி. சமுத்திரம் தாண்ட நினைக்கிறவர்கள் ஆசை ஆசையாகச் சேர்த்து வைக்கும் சாமான்கள்தான் எல்லாம்.

நான் அந்தமானுக்கும் அப்பால், லங்காவித் தீவில் பிறருடைய படகுகளைக் கழுவிப் பிழைப்பைத் தொடங்கியவள். கழுவப் போன இடத்தில் கயிறு பிடிக்கக் கற்றேன், பிறகு பாய் ஏற்ற. கடைசியில், சொந்தக்காரர்கள் விமானத்தில் போய்விட, அவர்களுடைய படகை இன்னொரு துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை வரைக்கும் வந்துவிட்டேன். மணியம் ஃபெர்ரிகளில் எஞ்சின் மெக்கானிக். எங்களுக்கென்று ஒரு படகு மட்டும் இருந்ததில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தேடத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் கைக்கு எட்டியதெல்லாம் உள்ளே உளுத்துப்போனவை. மணியத்துக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் புறப்பட்டேன்.

முதல் காலையே தவறு செய்தேன். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "ஏறுக்கா ஏறு, எடம் கீது" என்றார். எந்த இடத்தைச் சொல்கிறார் என்று புரியவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பமும் இரண்டு காய்கறி மூட்டைகளும் இருந்தன. எப்படியோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தீவில் ஒரு காடியில், அதாவது காரில், நான்கு பேர் ஏறினாலே ஓட்டுநர் கண்ணாடியில் முறைப்பார். இங்கே ஒன்பதாவதாக ஏறிய அம்மாள், என் மடியில் தன் பையை வைத்துவிட்டு, "பாத்துக்கோம்மா, முட்டை" என்றார். நான் முட்டையைப் பார்த்துக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய சென்னீர்குப்பம் கடந்துபோனது தெரியவில்லை. ஆட்டோ நின்ற இடம் ஆவடி.

படகுக்காரர் ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். "நல்லதா போச்சு மேடம். நம்ம ஊடு ஆவடிதான். ஸ்டேஷனாண்ட நில்லுங்க, வந்துகினே கீறேன்."

அறுபதைத் தொட்ட மனிதர். பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ராணுவக் குடியிருப்பின் நீண்ட மதில்களை ஒட்டிப் போனார். தெருமுனையில் தேநீர்க் கடை வாசலில் இருந்த ஒருவர், "இன்னா கப்பக்காரரே, ஆள் வந்துட்டாங்களா?" என்று கேட்டார். தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது.

வீட்டில் அவர் மனைவி விஜயா. உள்ளே நுழைந்ததும், நாங்கள் வழக்கமாகக் கேட்பதுபோல், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் வார்த்தை. விஜயா ஒரு நொடி பார்த்தார். "விருந்தாளி நீங்க, நீங்க என்னைக் கேக்குறீங்களா? உக்காருங்க, நாஷ்டா ரெடி" என்று இட்லியும் வடகறியும் வைத்தார். அந்த வடகறியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கடலைப்பருப்பு வடையை உதிர்த்து, பட்டை சோம்பு மணக்கக் கொதிக்கவிட்ட குழம்பு. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு இது கிடைத்தால் பருப்புக் குழம்பை யாரும் தொடமாட்டார்கள். இதைச் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

கூடத்தில் ஒரு பெரிய தையல் இயந்திரம் இருந்தது. விஜயா அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏற்றுமதித் துணிகள் தைக்கும் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அந்தப் படகின் பாய்களையெல்லாம் பிரித்துத் தைத்தது அவர்தான். "இந்த ஹாலு முழுக்க பாய்தான் இருக்கும். நாங்க சமையக்கட்டுல படுத்துப்போம்" என்றார்.

அன்று மதியம் சென்னீர்குப்பம் போனோம். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு மண் பாதை, அதன் முடிவில் விஜயாவின் தம்பி டில்லிபாபுவின் கொட்டகை. லாரிகளுக்குப் பெட்டி கட்டுகிற இடம். வெல்டிங் பொறிகளுக்கும் பாதி முடிந்த லாரிகளுக்கும் நடுவில் அந்தப் படகு நின்றது. நெடுஞ்சாலை இரைச்சல் அங்கேயும் கேட்டது. அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று உலகம் சுற்றி வந்த வழியில், பாய்மரம் முறிந்து புதுச்சேரியில் விட்டுப்போன படகு அது. ஏகாம்பரம் அதை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏழு வருடம் உட்கார்ந்து பழுது பார்த்திருக்கிறார். புதுப் பாய்மரம், புது எஞ்சின், தண்ணீர்த் தொட்டிகள். அடுப்பு எந்தப் பக்கம் படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி தொங்கவிடப்பட்டிருந்தது. உள்ளே படுக்கைப் பலகையின் விளிம்பைக்கூட, இருட்டில் முட்டினாலும் வலிக்காதபடி உருட்டி இழைத்திருந்தார்.

நான் சின்ன மரச் சுத்தியலால் அடிப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். ஃபைபரில் நீர் புகுந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். எங்கும் வரவில்லை. மறுநாளும் தட்டினேன். அடிக்கட்டையைத் தாங்கும் போல்ட்டுகளைப் பார்த்தேன். துரு இல்லை. குறையே இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. இப்படிச் செய்து முடித்த ஒன்றை ஒருவர் ஏன் விற்க வேண்டும்?

கேட்டேன். ஏகாம்பரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மச்சானுக்கு எடம் வேணுமாம் மேடம். எத்தினி நாளு இங்கயே வெச்சிகினு இருக்கறது?" என்றார்.

அவர் டீ வாங்கப் போனதும் டில்லிபாபு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எடம்லாம் வேணாங்க. கப்பல் இருந்தாத்தான் மாமா டெய்லி வருவாரு. போய்டுச்சுன்னா மனுசன் இன்னா பண்ணுவாரோ. நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லவும் எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. அன்று மாலை லாட்ஜ் அறையிலிருந்து மணியத்தைக் கூப்பிட்டேன். "எதையோ மறைக்கிறாங்க" என்றேன். "அப்ப வந்திரு. வேற பார்ப்போம்" என்றார் அவர். ஆனால் குரலில் அவருக்கும் ஏமாற்றம் தெரிந்தது. நான் அனுப்பிய படங்களை அவர் வேலையிடத்தில் எல்லாரிடமும் காட்டியிருந்தார்.

மறுநாள் விஜயா என்னை ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். மீன் கடைகள் முன் நின்று, எங்கள் ஊர்ப் பெயர்களும் அவர்கள் பெயர்களும் எந்த மீனில் ஒத்துப்போகின்றன என்று பேசிக்கொண்டிருந்தோம். சட்டென்று கேட்டேன்: "விஜயா, உண்மையைச் சொல்லுங்க. படகுல என்ன கோளாறு?"

அவர் கையிலிருந்த சங்கரா மீனைத் தட்டிலேயே வைத்தார். "படகுல ஒண்ணும் கோளாறு கெடையாதுக்கா. எங்க ஊட்டுக்காரருக்குத்தான் கடல் ஒத்துக்கல."

போன வருடம் படகைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்த நண்பர் ஒருவரோடு ஏகாம்பரம் மூன்று நாள் பயணமாகப் புறப்பட்டிருக்கிறார். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் தொடங்கிய வாந்தி நிற்கவே இல்லை. மாத்திரை கேட்கவில்லை. எலுமிச்சை, இஞ்சி எதுவும் கேட்கவில்லை. மறுநாளே தூக்கிக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை முயன்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே கதி. கடைசியில் படகைத் திரும்ப லாரியில் ஏற்றிக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"நான் கட்டிக் குடுத்த புளிசாதம் அப்டியே திரும்பி வந்துச்சு. அதைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளிய சொல்ல அவருக்கு வெக்கம். தெருவுல எல்லாம் கப்பக்காரர், கப்பக்காரர்னு கூப்புட்றாங்கல்ல."

"நீங்க கூடப் போகலயா?"

"என்னை யாரு கூப்டா?" என்றார் விஜயா. கோபமாகச் சொல்லவில்லை. மீனைத் திரும்ப எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, "இதைப் போடுப்பா" என்று கடைக்காரரிடம் கொடுத்தார்.

அன்று மாலையே ஏகாம்பரத்திடம் படகை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டதை அவர் என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும். வேறெதுவும் கேட்காமல் தலையை ஆட்டினார். பிறகு, "நல்லா பாத்துக்குவீங்க, தெரியும்" என்றார். வாங்கிய பின் அலுவலகங்களுக்கு அலைந்ததை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் கால் வலிக்கும். விட்டுவிடுகிறேன். அந்த வாரங்களில் லாட்ஜைக் காலி செய்துவிட்டு, விஜயா வீட்டுக் கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

படகு ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் என் வாழ்வில் மறக்காது. டிரெய்லரில் ஏற்றி, தனியே கிடந்த பாய்மரத்தை மேலே நீளவாக்கில் கட்டினோம். டில்லிபாபு லாரியின் முன்னால் நடந்தார். படகின் மேல்தளத்தில் அவருடைய ஆட்கள் இருவர், நீண்ட பிளாஸ்டிக் குழாய்களால் கேபிள் ஒயர்களைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கத்தினார்: "இன்னாபா, மறுபடி வெள்ளம் வருதா? டிவில சொல்லவே இல்ல!" இன்னொருவர் மோட்டார் சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டு, "எங்க ஏரியாவுக்கும் ஒண்ணு வேணும் நைனா, போன மழையில இடுப்பு வரைக்கும் தண்ணி" என்றார்.

முக்கியச் சாலையை எட்டும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அம்மன் கோயில் திருவிழாவுக்காகத் தெருவின் குறுக்கே சீரியல் விளக்கு ஆர்ச் கட்டியிருந்தார்கள். நேற்றுவரை அது அங்கே இல்லை. படகு அதைவிட உயரம். விழாக் குழுத் தலைவர் ஓடிவந்தார். ஆர்ச்சைத் தொடக்கூடாது என்றார். டில்லிபாபு, துறைமுகத்தில் கிரேன் காத்திருக்கிறது என்றார். குரல்கள் உயர்ந்தன. பின்னால் ஒரு பேருந்தும் தண்ணீர் லாரியும் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தன. எங்கள் ஊரில் இப்படி ஆகியிருந்தால் போலீஸ் வந்து, எல்லாரும் ஒழுங்காகப் பின்வாங்கி, வேலை அடுத்த வாரத்துக்குப் போயிருக்கும்.

ஏகாம்பரம் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். மெல்ல வந்து தலைவரிடம், "அண்ணாத்தே, ஏழு வருசம் செஞ்சேன். இன்னிக்கு ஒரேடியா தண்ணிக்குப் போவுது. ஆத்தா முன்னாடியே நிக்குது பாரு. ஒரு கற்பூரம் காட்டி அனுப்பிவுடேன்" என்றார்.

தலைவர் படகை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. பூசாரி வந்தார். படகின் முகப்பில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழங்களை டிரெய்லர் சக்கரங்களின் கீழ் வைத்தார்கள். அதன் பிறகு அதே விழாக் குழுவினர் ஆர்ச்சின் ஒரு காலைப் பெயர்த்து, பத்திருபது பேராகப் பிடித்துக் கதவுபோலத் திறந்தார்கள். நின்றுபோயிருந்த பேருந்தின் பயணிகளும் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். எனக்குத் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே லாரியில் ஏறினேன். வெளிவட்டச் சாலையில் ஏறிய பின் தடையே இல்லை. ஆவடியின் வெளிப்புறத்தைத் தாண்டி, வடக்கே மீன்பிடித் துறைமுகம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை கிரேன் அதைத் தண்ணீரில் இறக்கியது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. பாய்மரத்தை நிறுத்தினோம். வெள்ளோட்டம் போக வேண்டும். நான் பாயை ஏற்றும்போது சுக்கானைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. டில்லிபாபு, "எனக்கு லாரிதான் சரி" என்று இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"நான் வர்றேன்க்கா" என்றார் விஜயா.

"நீ எதுக்கு?" என்றார் ஏகாம்பரம்.

"நான் தைச்ச பாய் எப்டி கீதுன்னு நான் பாக்க வேணாமா?"

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினேன். காற்று நிரம்பி, படகு ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. எத்தனையோ படகுகளில் நான் பார்த்ததுதான். ஆனால் இந்தப் படகு என்னுடையது. கண் கலங்கிவிட்டது. விஜயா பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அவர் பார்த்திருக்கவும் மாட்டார். கால்களை அகட்டி நின்றபடி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பாயின் தையல்களை மேலிருந்து கீழாகக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அலை தூக்கும்போது முழங்காலை மடக்கினார், இறக்கும்போது நிமிர்ந்தார். யாரும் சொல்லித் தரவில்லை.

"தலை சுத்தலயா?" என்றேன்.

"இருபது வருசம் ஆவடி டு அம்பத்தூர் ட்ரெய்ன்ல நின்னுகினே போனவக்கா நான். இது இன்னா ஆட்டம்!" என்றார். பிறகு, "மேல அந்த மூணாவது தையல் கொஞ்சம் இழுக்குது. பிரிச்சுப் போடணும்" என்றார்.

கரைக்குத் திரும்பும்போது படகுத்துறையில் ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

சாப்பிட உட்கார்ந்தபோது விஜயா பேச்சை எடுத்தார். "அக்காவும், வரப்போற மணியம் அண்ணனும் அந்தமான் வரைக்கும் போய்தான் அப்பறம் அவங்க ஊருக்குப் போறாங்க. மூணு பேரு இருந்தா மாத்தி மாத்தித் தூங்கலாமாம். அந்தமான் வரைக்கும் நான் போறேன்."

என்னிடம் அவர் முன்பே கேட்டிருந்தார். நானும் சரி என்றிருந்தேன். இருந்தாலும் தட்டைவிட்டுத் தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நடுக்கடல். ஒரு வாரம் கரையே தெரியாது. பயமா இல்ல?" என்றார் ஏகாம்பரம்.

"நீ செஞ்ச கப்பல்தான? உடையாதுன்னு உனக்கே நம்பிக்கை இல்லயா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். உள் அறையில் பரணிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு வந்தார். அவர் அளவுக்கு வாங்கியது. விஜயாவை நிற்கச் சொல்லி மாட்டிவிட்டு, எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாராக இழுத்துச் சின்னதாக்கினார். தோள் வாரை இழுக்கும்போது, "உன்னை அப்பவே கேட்டுருக்கணும்" என்றார். விஜயா அவர் தலையில் ஒட்டியிருந்த நூலாம்படையை எடுத்துப் போட்டார்.

மாசிக் காற்று தணிந்ததும் மணியம் வந்து சேர்ந்தார். எஞ்சினைப் பார்த்துவிட்டு ஏகாம்பரத்தோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மெக்கானிக்குகளையும் சாப்பிடக் கூப்பிட்டு எங்களுக்குத் தொண்டை வறண்டது.

பிறகு மூன்று பேரும் புறப்பட்டோம். கடலில் பெரும்பாலும் இளங்காற்று. அது விழுந்தபோதெல்லாம் எஞ்சினைப் போட்டோம். காலையில் மேல்தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும். விஜயா அவற்றை மிளகாய்த்தூள் தடவி வறுப்பார். ஒரு மதியம் மட்டும் கறுத்த மேகம் ஒன்று எங்களைப் பிடித்து அரைமணி நேரம் உதறியது. பாயைச் சுருட்ட நானும் மணியமும் முன்னால் தவழ்ந்து போனோம். சுக்கானில் விஜயா. மழை முகத்தில் அறைய, படகின் மூக்கை அலைக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கிய பிறகு சிரித்தார், கொஞ்சம் அழுதார், பிறகு டீ போட்டார்.

போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. படகுத்துறையின் விளிம்பில், சலவைச் சட்டையும் தோளில் பையுமாக ஒருவர் நின்றார். விமானம் அவருக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. எங்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"விஜயா! சாப்டியா?" என்று கத்தினார்.

 விஜயா முகப்பில் நின்று, சுருட்டி வைத்திருந்த கட்டுக் கயிற்றைக் கையில் எடுத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"பேசிகினே நிக்காத, கயிறைப் புடி!" என்று வீசினார்.

ஏகாம்பரம் தவறவிட்டார். கயிறு தண்ணீரில் விழுந்தது. விஜயா இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினார். இந்த முறை ஏகாம்பரம் பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.